ஊருக்குப் போகும்போது கறவை மாட்டை யாரிடம் விடுவது?

கறவை மாடு வைத்திருக்கும் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் வெளியூர் போவது அவ்வளவு எளிதான காரியம் அல்ல. தோட்டத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போனால் பயிர் ஒரு வாரம் தாங்கும். மாடு ஒரு வேளைகூடத் தாங்காது. விடியற்காலையில் கறவை, பிறகு சாணம் அள்ளுதல், தண்ணீர், தீவனம், மாலையில் மீண்டும் கறவை என்று நாள் முழுவதும் ஆள் வேண்டும். அதோடு ஆடு, கோழி, காவல் நாய் என்று ஒவ்வொன்றும் ஒரு கையை எதிர்பார்த்து நிற்கின்றன.

கெலமங்கலம், உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் சிறு விவசாயிகள் பலருக்கு மாதந்தோறும் கையில் புரளும் பணம் பால் பணமே. இவர்களுக்கும் வெளியூர் போகும் தேவை உண்டு. காசி, சபரிமலை, திருப்பதி, மாதேஸ்வரன் மலை என்று யாத்திரைகள். பெங்களூரில் வேலையில் இருக்கும் மகன் வீட்டில் பேரக்குழந்தை பிறந்தால் ஒரு மாதம். வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம். இதில் கடைசியாகச் சொன்னது நாள் பார்த்து வருவதில்லை.

இத்தகைய சமயங்களில் விவசாயிகள் வழக்கமாகச் செய்வது மூன்றில் ஒன்று. மாட்டை அவசரமாக விற்றுவிடுவார்கள். அல்லது வீட்டில் ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் போவார்கள். அப்படி நிற்பவர் பெரும்பாலும் பெண்தான். தாய்வீட்டில் இரண்டு இரவு சேர்ந்தாற்போல் தங்கி வருஷக்கணக்கான பெண்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். மூன்றாவது, போகிற அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது.

மூன்றிலும் நஷ்டம் இருக்கிறது. அவசரத்துக்கு விற்கும் மாட்டுக்கு வியாபாரி சொல்வதே விலை. திரும்பி வந்து அதே தரத்தில் மாடு வாங்க அந்தப் பணம் போதாது. சொல்லாமல் கொள்ளாமல் விட்டுச் சென்றாலோ பால் குறைகிறது. கன்று ஈன்ற முதல் இரண்டு மூன்று மாதங்களில் தீவனமும் கறவையும் கெட்டு ஒரு முறை பால் சரிந்துவிட்டால், மாடு முழு அளவுக்குத் திரும்புவது அரிது. பத்து நாள் கவனக்குறைவின் விலையை எட்டு மாதம் கொடுக்க வேண்டியதாகிறது. மடிவீக்க நோய் வந்து ஒரு காம்பு அடைத்துப்போனால் அது அந்த மாட்டின் ஆயுளுக்கும் போயிற்று. எனவே வெளியூர்ப் பயணத்தையும் ஒரு பண்ணை வேலையாகக் கருதி, ஒரு மாதம் முன்பே திட்டமிட வேண்டும்.

மாட்டைப் பார்த்து நாள் குறித்தல்

ஜோசியரைக் கேட்டு நாள் குறிப்பவர்கள் மாட்டையும் கேட்டுக்கொள்வது நல்லது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பாகப் பாலை வற்றச் செய்கிறோம். வற்றச் செய்த முதல் இரண்டு வாரம் மடி சுருங்கும் காலம். அப்போது மடியில் வீக்கமோ சூடோ உண்டா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈனுவதற்கு முந்திய இரண்டு வாரமும் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டிய காலம். இவ்விரண்டையும் கழித்தால் நடுவில் சுமார் ஒரு மாதம் கிடைக்கிறது. கறவை இல்லை; தீவனமும் தண்ணீரும் காட்டினால் போதும். நீண்ட பயணத்துக்கு இதைவிடத் தோதான காலம் கிடையாது. செயற்கை முறைக் கருவூட்டல் செய்த தேதியை எழுதி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஐந்து நிமிட வேலை. எழுதி வைக்காதவருக்கு எப்போதும் திண்டாட்டம்தான்.

போகவே கூடாத காலம் இரண்டு. ஒன்று, ஈனும் சமயமும் அடுத்த பத்து நாளும். நஞ்சுக்கொடி விழாமை, அதிகம் கறக்கும் மாடுகளுக்கு ஈன்ற ஓரிரு நாளில் வரும் பால் காய்ச்சல் ஆகியவற்றை அயலார் கண்டுகொள்ள மாட்டார்கள். பால் காய்ச்சலில் உடம்பு சூடாவதில்லை. காது குளிர்ந்து மாடு கழுத்தை மடக்கிப் படுத்துவிடும். "அசதியாகப் படுத்திருக்கிறது" என்று விட்டால் சில மணி நேரத்தில் மாடு கைவிட்டுப் போகும். மற்றொன்று, ஈன்ற இரண்டாம் மூன்றாம் மாதம். சினைக்கு விட வேண்டிய பருவம் அது. சினைப்பருவ அறிகுறி அரை நாள் முதல் முக்கால் நாள் வரையே நிற்கும். காலையில் கத்தினால் மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த 21 நாளுக்குச் சும்மா தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் வற்றச் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம், வருமானம் நின்றுவிடும். இளங்கறவை மாடு எது என்று பார்த்து, அது ஐந்தாம் ஆறாம் மாதக் கறவைக்கு வந்தபின் போகலாம்.

யார் பார்ப்பது?

முன்பெல்லாம் கூட்டுக்குடும்பம் இருந்தது. அண்ணன் போனால் தம்பி பார்த்துக்கொண்டார். இல்லாவிட்டால் முறை வைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரர்கள் பார்த்தார்கள். இன்று கெலமங்கலத்தைச் சுற்றிலும் ஓசூர்ப் பக்கமும் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அந்தத் தம்பியின் மகனும் பக்கத்துக் காட்டுக்காரரின் மகளும் ஷிப்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். ஊரில் மீதி இருப்பவர்கள் வயதானவர்கள். தம் மாட்டைப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. ஆள் கிடைப்பதில்லை என்ற குறை உண்மையே. ஆனால் ஆளைத் தேடும் முறையிலும் குறை இருக்கிறது. மாடு பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு நியாயமான கூலி பேசி, முன்கூட்டியே நாள் சொல்லி வைத்தால் பெரும்பாலும் ஆள் கிடைக்கும். உறவுக்காக இலவசமாகச் செய்யச் சொல்வதில்தான் சங்கடம்.

கூலி பேசுவதில் ஒரு நுட்பம் உண்டு. "கறக்கிற பால் முழுவதும் உனக்கு" என்று விடுவது பல ஊர்களில் வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பால் முழுவதும் அவருடையது என்றால் கன்றுக்கு விடாமல் ஒட்டக் கறந்துவிடும் ஆசை வரும். வெறும் நாள் கூலி மட்டும் என்றாலோ பால் கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எனவே நாளுக்கு இவ்வளவு என்று கூலியும், ஒரு வேளைப் பாலில் ஒரு பங்கும் சேர்த்துப் பேசுவதே இரு தரப்புக்கும் பொருந்தும். தீவனம் முழுவதும் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் கைக்காசு போட்டுத் தீவனம் வாங்கும் ஏற்பாடு செய்தால் முதலில் குறைவது தீவனம்தான்.

மாட்டை உறவினர் தொழுவத்துக்கு ஓட்டிச் சென்று விடுவதா, ஆளை நம் தொழுவத்துக்கு வரச் சொல்வதா என்ற கேள்வி அடிக்கடி எழும். முடிந்தவரை மாடு அதன் இடத்திலேயே இருப்பது நல்லது. இடம் மாறினால் இரண்டு மூன்று நாளாவது தீவனம் குறையும். அங்குள்ள மாடுகள் முட்டும். அதைவிட முக்கியம் நோய். கோமாரி நோயும் தோல் கழலை நோயும் இப்படித்தான் ஒரு தொழுவத்திலிருந்து மறு தொழுவத்துக்குப் போகின்றன. வேறு வழியே இல்லையென்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் கோமாரித் தடுப்பூசி நிலுவையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிலுவை இருந்தால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது.

மத்திகிரியில் உள்ள ஓசூர் கால்நடைப் பண்ணை 1824-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளில் அங்கே எத்தனையோ அதிகாரிகளும் பணியாளர்களும் மாறியிருப்பார்கள். மாடு பட்டினி கிடக்கவில்லை. ஏனென்றால் இத்தகைய அரசுப் பண்ணைகளில் ஒவ்வொரு மாட்டுக்கும் எண் உண்டு, ஏடு உண்டு. எந்த மாடு என்ன தின்கிறது, என்று ஈன்றது, என்ன ஊசி போட்டது என்பது ஒருவர் மனதில் இல்லை, தாளில் இருக்கிறது. இரண்டு மாட்டுக்காரருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

கை பழக வேண்டும்

புதிய ஆள் கறந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. இதற்குக் காரணம் உண்டு. மடியைக் கழுவித் தடவியதும் மூளையிலிருந்து ஒரு சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து பாலை இறக்குகிறது. அதன் வேகம் ஐந்தாறு நிமிடத்துக்குத்தான் நிற்கும். மாடு பயந்தாலோ அடிபட்டாலோ வேறொரு சுரப்பு கிளம்பி இதைத் தடுத்துவிடும். பால் மடியிலேயே தங்கும். தங்கிய பாலில் கிருமி பெருகி மடிவீக்கம் தொடங்கும். சிலர் இதற்கு அவசர மருந்தாக ஊசி போட்டுக் கறக்கப் பார்ப்பார்கள். டாக்டர் சொல்லாமல் அந்த ஊசியைத் தொழுவத்துக்குள் கொண்டுவர விடக்கூடாது.

ஆகவே பார்த்துக்கொள்ளப் போகிறவர் குறைந்தது ஐந்து நாள் முன்னதாகவே வர வேண்டும். முதல் நாள் பக்கத்தில் நின்று, கழுத்தைத் தடவி, கையால் தீவனம் வைக்கட்டும். இரண்டாம் நாள் சொந்தக்காரர் இரண்டு காம்பும் அவர் இரண்டு காம்பும் கறக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து அவரே முழுவதும் கறக்க, வீட்டுப் பெண்மணி கண்ணில் படும்படி நிற்கலாம். கடைசி இரண்டு நாள் அவரும் நிற்க வேண்டாம். ஐந்து நாள் கூலி வீண் என்று நினைப்பவர்கள் ஒரு மடிவீக்கத்துக்கு ஆகும் மருந்துச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கட்டை விரலை மடக்கிக் கறப்பவராக இருந்தால் காம்பில் காயம் ஏற்படும். முழு உள்ளங்கையால் பிடித்துக் கறப்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் இரண்டு பீச்சை ஒரு கருநிறத் தட்டில் பீச்சிப் பார்த்தால் திரிதிரியாகப் பால் வருகிறதா என்று தெரியும். அப்படி வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கறவை எந்திரம் வைத்திருப்பவர்கள், எந்திரத்தைக் கழுவும் முறையைச் சொல்லித் தர மறந்துவிடக்கூடாது.

பால் சங்கத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். இன்னார் இன்ன தேதி வரை தமது உறுப்பினர் எண்ணில் பால் ஊற்றுவார் என்று செயலாளருக்குத் தெரிந்திருந்தால் கணக்கில் தகராறு வராது. ஊற்றிய அளவைப் பார்த்தே மாட்டின் நலத்தையும் தூரத்திலிருந்து அறிந்துகொள்ளலாம். எட்டு லிட்டர் ஊற்றிய இடத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஆறு லிட்டர் என்றால் போன் போட்டுக் கேட்க வேண்டிய விஷயம்.

பதினைந்து நாளுக்குத் தீவனக் கணக்கு

எட்டு லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடலைக் காக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் மூன்றேகால் கிலோ. ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ. பதினைந்து நாளுக்கு 70 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றரை. பசுந்தீவனம் நாளுக்கு 25 கிலோ வீதம் 375 கிலோ. கேழ்வரகுத் தாள் நாளுக்கு ஐந்து கிலோ வீதம் 75 கிலோ. தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம் வீதம் முக்கால் கிலோ. இவ்வளவும் வீட்டில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே டிக்கெட் வாங்க வேண்டும். தீவனப்புல்லில் எந்தப் பாத்தியை எந்த நாள் அறுப்பது என்று குச்சி நட்டுக் காட்டிவிட்டால் வீண் பேச்சு வேண்டியதில்லை.

படி, டப்பா என்று அளவு வைக்கும் பாத்திரத்தையும் கையில் கொடுத்துவிட வேண்டும். "ரெண்டு டப்பா" என்று சொந்தக்காரர் சொல்வது தகர டப்பாவாக இருக்கும். பார்ப்பவர் எடுப்பது பெயிண்டு டப்பாவாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். கறவைப் பசு நாளுக்கு 50 முதல் 70 லிட்டர் வரை குடிக்கும். காலை ஒரு வாளி மாலை ஒரு வாளி என்று காட்டினால் மறுநாளே பால் குறையும். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் மும்முனை மின்சாரம் எந்த நேரம் வருகிறது, மோட்டார் ஸ்விட்சு எது, தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதையெல்லாம் காட்டிவைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நாளுக்கென்று ஒரு டிரம் தண்ணீர் எப்போதும் இருப்பில் இருக்கட்டும்.

இரக்கத்தால் வரும் கேடு

பட்டினியால் செத்த மாட்டைவிட, பார்த்துக்கொள்பவரின் அன்பால் செத்த மாடுகள் அதிகம் என்று கால்நடை மருத்துவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. கல்யாண வீட்டில் மீந்த சோறு, பொங்கல், அரைத்த கேழ்வரகு மாவு, அரிசிக் கஞ்சி இவற்றை "வாயில்லா ஜீவன் தின்னட்டும்" என்று ஒரு அண்டா நிறைய வைத்துவிடுகிறார்கள். மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. மாவுப்பொருள் திடீரென்று அதிகமாகப் போனால் அது புளித்து அமிலமாக மாறி அந்த நுண்ணுயிர்களை அழித்துவிடும். உடம்பில் உள்ள நீரெல்லாம் இரைப்பைக்குள் இழுக்கப்படும். மாடு அசைபோடாமல் நிற்கும், தள்ளாடும், புளித்த நாற்றத்துடன் கழியும், பிறகு படுத்துவிடும். காலம் கடந்தால் பிழைப்பது கடினம். ஆப்ப சோடா 100 கிராம் தண்ணீரில் கரைத்து, புரை ஏறாமல் மெதுவாகப் புகட்டிக்கொண்டே டாக்டரை அழைக்க வேண்டும். இதைவிட, சோறு வைக்காதே என்று போகும்போது மூன்று முறை சொல்லிவிட்டுப் போவது மேல். வீட்டில் கல்யாணம் நடந்து அனைவரும் மறுவீட்டுக்குப் போயிருக்கும் நாள்தான் இதற்கு மிகவும் ஆபத்தான நாள்.

இளஞ்சோளப் பயிரும் அப்படியே. 45 நாளுக்கு உட்பட்ட தீவனச் சோளத்திலும், வறட்சியில் வாடிப் பின் மழையில் துளிர்த்த சோளத்திலும் நஞ்சு இருக்கும். தின்ற கால் மணி நேரத்தில் மாடு விழும். வயல் சொந்தக்காரருக்குப் பயிரின் வயது தெரியும். புதிதாக வந்தவருக்குப் பச்சை மட்டுமே தெரியும். அறுக்கக்கூடாத வயலைக் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

கெலமங்கலம் பக்கம் மற்றொரு ஆபத்து முட்டைக்கோஸ் இலை. அறுவடையில் கழிக்கும் வெளி இலைகள் வண்டி வண்டியாகச் சும்மா கிடைக்கின்றன. மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாத வயலின் இலை மாட்டுக்கு ஆகாது. மேல் இலையில்தான் மருந்து தங்கும். ரோஜாத் தோட்டங்களில் கவாத்து செய்த தழையும் அப்படியே. ஆடு அதை விரும்பித் தின்னும் என்பதற்காகப் போட்டுவிடக்கூடாது.

காகிதத்தில் எழுதித் தொழுவத்தில் ஒட்டுக

மாட்டின் காதில் உள்ள 12 இலக்க அடையாள எண், ஈன்ற தேதி, சினை ஊசி போட்ட தேதி, தீவன அளவு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் போன் எண், அவசரத்துக்குக் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கும் 1962 என்ற இலவச எண் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மழை படாத இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். பார்ப்பவருக்குத் தெலுங்கோ கன்னடமோதான் படிக்க வரும் என்றால் அந்த மொழியில் எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இது மூன்று மொழி புழங்கும் சீமை. வைத்தியச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "என்னைக் கேட்காமலே டாக்டரைக் கூப்பிடலாம்" என்று சொல்லிவிட வேண்டும். செலவு யார் தலையில் விழுமோ என்று ஒரு ராத்திரி தயங்கியதால் போன மாடுகள் உண்டு. காப்பீடு செய்த மாடு என்றால், இறந்துவிட்டால் காதுத் தோட்டோடு படம் எடுத்து உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கவும். தோடு இல்லாமல் இழப்பீடு கேட்பது கஷ்டம்.

ஆடு, கோழி, பட்டுப்புழு

ஆடுகளை வேறொருவர் மந்தையில் சேர்த்துவிடுவது எளிய ஏற்பாடு. சேர்ப்பதற்கு முன் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்; குடற்புழு நீக்கம் செய்திருக்க வேண்டும்; அடையாளத்துக்குக் கொம்பில் வர்ணம் பூசிவிடலாம். ஆட்டின் சினைக்காலம் 150 நாட்கள். கிடா சேர்த்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்துக் குட்டி போடும் வாரத்தில் ஊரில் இருக்க வேண்டும்.

கோழி பெரிய தொல்லை இல்லை. ஒரு கோழிக்கு நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீரும் ஒரு பிடி தானியமும் போதும். மாலையில் கூட்டை அடைப்பது மட்டும் தவறக்கூடாது. பயணத்துக்கு முன் அடை வைக்காமல் இருப்பது நல்லது. மார்கழி தை மாதக் குளிரில் குஞ்சுகளுக்கு இரவில் சூடு தேவை. அதைப் பிறர் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மட்டும் புழு இருக்கும்போது எங்கும் போக முடியாது. நான்காம் ஐந்தாம் பருவப் புழுவுக்கு இலை போடும் பொறுப்பை மற்றவரிடம் விடுவது, பரீட்சை எழுத வேறொருவரை அனுப்புவது போன்றது. ஆனால் ஒரு வசதி: கூடு அறுத்து விற்றதும், மல்பெரியைக் கவாத்து செய்துவிட்டால் தழை வளரும்வரை வேலை இல்லை. மனையைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து மூடிவிட்டுப் புறப்படலாம். திரும்பி வரும் தேதி உறுதியான பிறகே இளம்புழுவுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

காவல் நாய்

நாயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. "அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் சோறு கிடைக்காத நாய் தெரு நாய்க் கூட்டத்தோடு சேரும். பிறகு ஆட்டுப்பட்டிக்குள் இறங்கும். அல்லது சங்கிலியில் கட்டியபடியே கிடந்து தண்ணீர் இன்றி வாடும். விலங்குகளுக்குப் போதிய உணவும் நீரும் நிழலும் கொடுக்காமல் விடுவதும், காரணமின்றிக் கைவிடுவதும், குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிக் கட்டிவைப்பதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும்.

பத்துக் கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். வீட்டில் கேழ்வரகுக் களியும் மோரும் தின்று பழகியிருந்தால் அதையே கொடுக்கச் சொல்ல வேண்டும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு நாய்க்கு ஆகாது. எசமானர் போன முதல் இரண்டு நாள் நாய் சரியாகத் தின்னாது. அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் நாளும் தின்னாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டிருந்தால்தான் அயலாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஓசூர், பெங்களூர் போன்ற நகரங்களில் நாயைக் கட்டணத்துக்கு வைத்துப் பார்க்கும் இல்லங்கள் வந்துவிட்டன. அங்கே விடுபவர்கள், மற்ற நாய்களுக்கும் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். கேட்காத இடத்தில் விடக்கூடாது.

காட்டோரக் காடுகள்

ஜவளகிரி, அஞ்செட்டி, தளி, சானமாவு ஆகிய காட்டோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கவலை. இவ்வட்டாரக் காடுகளில் ஒரு பகுதி 2022-ஆம் ஆண்டு காவிரி தெற்கு வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பன்னார்கட்டாப் பக்கமிருந்து யானைக்கூட்டங்கள் கேழ்வரகு முற்றும் பருவத்தில் இந்தப் பக்கம் வருவது ஆண்டுதோறும் நடப்பது. சபரிமலைப் பயணமும் பெரும்பாலும் அதே மாதங்களில் வருகிறது. ஆள் இல்லாத காட்டுக்கொட்டகையில் மாட்டைக் கட்டிவிட்டுப் போனால், கட்டுத்தறியில் இருக்கும் மாடு ஓடவும் முடியாது. அந்நாட்களில் மாடுகளை ஊருக்குள் கொண்டுவந்து கட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். தொழுவத்தை ஒட்டிக் கேழ்வரகு மூட்டைகளை அடுக்கக்கூடாது. பார்ப்பவர் இரவில் தனியாகக் காட்டில் தங்க வேண்டும் என்று கேட்பது முறையல்ல.

திரும்பி வருவது தாமதமானால்

12 செப்டம்பர் 2016 அன்று காவிரிப் பிரச்சினையை ஒட்டி பெங்களூரில் கலவரம் மூண்டு பஸ்கள் கொளுத்தப்பட்டபோது எல்லையில் போக்குவரத்து நின்றது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் ஜனங்கள் போன இடத்திலேயே நின்றுவிட்டார்கள். எல்லையில் வாழ்பவர்கள் இந்த இரண்டையும் மறக்கக்கூடாது. பதினைந்து நாள் பயணத்துக்கு இருபத்திரண்டு நாள் தீவனம் இருப்பு வைக்க வேண்டும். முதல் ஆளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவது என்று இரண்டாவது ஆளையும் சொல்லி வைக்க வேண்டும்.

பின்லாந்து நாட்டில் கால்நடை வளர்க்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுமுறை உண்டு. அந்நாட்களில் மாட்டைக் கறக்கப் பயிற்சி பெற்ற மாற்று ஆளை அனுப்பும் முறை 1970-களிலேயே அங்கே சட்டமாக வந்தது. செலவில் பெரும்பங்கு அரசுடையது. நம் ஊரில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு பால் சங்கத்தில் உள்ள உறுப்பினர்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, கறக்கத் தெரிந்த ஒரு ஆணையோ பெண்ணையோ இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். இன்று ஒரு வீடு, அடுத்த வாரம் மற்றொரு வீடு என்று அவருக்கும் ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். மாடுகளுக்கும் முகம் பழகிப்போகும். சங்கம் முன்வராத ஊரில் ஐந்தாறு வீட்டார் கூடித் தமக்குள் நாள் கணக்கு எழுதிக்கொண்டு முறை வைக்கலாம். எழுதிக்கொள்வது அவசியம், வாய்ப்பேச்சில் விட்டால் இரண்டாம் வருஷம் மனஸ்தாபம் வரும்.

ஊர் திரும்பிய அன்று பழைய ஆளை உடனே அனுப்பிவிடக்கூடாது. இரண்டு நாள் இருவரும் சேர்ந்து கறந்து, நாலு காம்பையும் அழுத்திப் பார்த்து, கணுக்கால், குளம்பு, கன்றின் வயிறு ஆகியவற்றைச் சோதித்த பிறகு கூலியைத் தீர்த்து அனுப்ப வேண்டும். நடுவில் சினைக்குக் கத்தியதா, ஏதாவது ஊசி போட்டார்களா என்பதைத் தேதியோடு கேட்டு நோட்டில் எழுதவும். கத்தியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து இருபத்தோராம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளவும்.